ஓவிய வகுப்புக்கு ஒரு கிராஃபிக் நாவல்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஓவியப் பாடத்தில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். சிறிய கிராஃபிக் நாவல் (வரிசையான படங்களால் கதை சொல்லும் புத்தகம்) ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் சூழலும் மனநிலையும் எப்படி உருவாகின்றன என்று எழுத வேண்டும். பிறகு அதே உணர்வு வரும்படி மூன்று பக்கம் சொந்தமாக வரைய வேண்டும். ஒரு மாத அவகாசம். இணையத்தில் தேடினால் 'சிறந்த 50', 'சிறந்த 100' என்று பட்டியல்களாக வருகின்றன. எனக்கு இந்த வகைப் புத்தகங்களோடு பழக்கமே இல்லை. பரிசு வாங்கிய புத்தகமாகப் பார்த்து வாங்கிவிடலாமா?

பதில்: பரிசை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பரிசு கொடுப்பவர்கள் கதையையும், அது பேசும் பொருளையும், சில சமயம் அது வெளிவந்த காலத்தின் தேவையையும் சேர்த்தே பார்க்கிறார்கள். உங்கள் மகளுக்கு வேண்டியது திரும்பத் திரும்பப் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடிய பக்கங்கள். இரண்டும் ஒரே புத்தகத்தில் அமைந்தால் நல்லதுதான். ஆனால் நல்ல கதை சொல்லும் எத்தனையோ புத்தகங்களில் படங்கள் வசனத்தைத் தாங்கி நிற்பதோடு சரி.

கடையிலோ, இணையத்தின் மாதிரிப் பக்கங்களிலோ இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கத்தைத் திறந்து, பேச்சுக் குமிழிகளைப் படிக்காமல் படத்தை மட்டும் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இது எந்த நேரம்? குளிரா, புழுக்கமா? அங்கே சத்தம் இருக்கிறதா, அமைதியா? அந்த இடத்தில் நிற்க மனம் வருகிறதா, ஓடிவிடத் தோன்றுகிறதா? வசனமே இல்லாமல் இவற்றுக்குப் பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பக்கம் வேலை செய்கிறது. இப்படி மூன்று நான்கு பக்கங்கள் பதில் சொன்னால் தயங்காமல் வாங்கலாம். அட்டையை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். அட்டை ஓவியத்துக்கு எடுத்த சிரத்தை உள்ளே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அட்டையை வேறொருவர் வரைந்திருப்பதும் உண்டு.

சூழல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் தேடுவது எளிது. முதலாவது வண்ணம். சூழலை நன்றாகக் கொண்டுவரும் பல புத்தகங்கள் இரண்டு மூன்று வண்ணங்களுக்குள்ளேயே நிற்கும். இரண்டாவது வெளிச்சம். விளக்கு எங்கே இருக்கிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பது கட்டத்துக்குக் கட்டம் (பக்கத்தில் ஒவ்வொரு படமும் அடங்கும் பெட்டிதான் கட்டம்) மாறாமல் இருந்தால், படிப்பவர் அந்த அறைக்குள்ளேயே இருப்பதாக உணர்வார். மூன்றாவதுதான் நான் மிக முக்கியமாக நினைப்பது: ஆள் இல்லாத கட்டங்கள்.

அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் ஸ்காட் மெக்ளவுட் 1993இல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' என்ற நூலில், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கதை நகரும் விதங்களை ஆறாகப் பிரித்துக் காட்டினார். அவற்றில் ஒன்றில் நேரம் நகர்வதே இல்லை. கண் மட்டும் இடத்தைச் சுற்றி வரும். சொட்டுகிற குழாய், பாதி திறந்த கதவு, தரையில் கிடக்கும் செருப்பு, ஜன்னலுக்கு வெளியே கம்பியில் தொங்கும் மழைத்துளி என்று நான்கு கட்டங்கள் வரும். கதையில் எதுவும் நடந்திருக்காது. ஆனால் அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று மனசுக்குத் தெரிந்துவிடும். மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளின் ஓவியர்கள் இந்த உத்தியை அதிகம் கையாள்வதை மெக்ளவுட் அந்நூலிலேயே சுட்டிக்காட்டுகிறார். இப்படிப்பட்ட கட்டங்கள் நிறைய உள்ள புத்தகமாகப் பாருங்கள். கட்டுரை எழுதும்போது மகளுக்குச் சொல்ல நிறைய இருக்கும். சொந்தப் பக்கம் வரையும்போதும் உதவும், ஏனென்றால் முகங்களையும் கைகளையும் வரைவதைவிடக் குழாயையும் கதவையும் வரைவது அந்த வயதுக்கு எளிது.

'சிறியது' என்று ஆசிரியர் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு மாதத்தில் அவள் இந்தப் புத்தகத்தைக் குறைந்தது மூன்று முறை படிக்க வேண்டும்: கதைக்காக ஒருமுறை, படங்களுக்காக ஒருமுறை, பென்சிலும் நோட்டும் வைத்துக்கொண்டு ஒருமுறை. 400 பக்கப் புத்தகத்தில் மூன்றாவது வாசிப்பு நடக்கவே நடக்காது. 30 பக்கத்திலிருந்து 130 பக்கத்துக்குள் இருப்பது போதும். பெரிய புத்தகம்தான் பிடித்திருக்கிறது என்றால், தனித்தனிக் கதைகள் கொண்ட தொகுப்பாகப் பார்த்து, அதில் ஒரே ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அடுத்து, பலரும் யோசிக்காமல் விட்டுவிடுவது: உங்கள் மகளின் கையில் என்ன இருக்கிறது? அவள் எதில் வரைகிறாள்? பென்சிலில் வரையும் பெண்ணுக்குப் பென்சிலில் வரைந்த புத்தகத்தை வாங்குங்கள். கறுப்பு மையும் தூரிகையும் பிடித்தவளுக்கு மையில் செய்ததை வாங்குங்கள். கணினியில் பளபளவென்று ஒளிச்சிதறல் சேர்த்து வண்ணம் தீட்டிய புத்தகம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வீட்டில் வண்ணப்பென்சில் பெட்டியோடு உட்காரும் பிள்ளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன் தாளுக்கு வர வழியே தெரியாது. இரண்டாம் நாளே மனம் விட்டுவிடுவாள்.

பென்சில் என்றால் என் முதல் பரிந்துரை ஷான் டான் என்ற ஆஸ்திரேலிய ஓவியரின் 'தி அரைவல்' (2006). 128 பக்கங்கள். வசனம் ஒரு சொல்கூட இல்லை. மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு ஒரு மனிதர் தூர தேசத்து நகரத்துக்குப் பிழைக்கப் போகிறார். அந்த நகரத்தின் எழுத்தும் விலங்குகளும் கட்டடங்களும் அவருக்குப் புரியவில்லை. நமக்கும் புரியாதபடியே ஓவியர் எல்லாவற்றையும் புதிதாகக் கற்பனை செய்து வரைந்திருக்கிறார். பழைய புகைப்பட ஆல்பத்தின் பழுப்பு நிறம் புத்தகம் முழுவதும் இருக்கிறது. கப்பல் பயணத்தின் நீளத்தைச் சொல்ல அவர் கடிகாரத்தையோ நாள்காட்டியையோ காட்டவில்லை. சின்னச் சின்னக் கட்டங்களில் மேகங்களை மட்டும் வரிசையாக வரைந்திருக்கிறார். அந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டுமே உங்கள் மகள் இரண்டு பக்கம் எழுதலாம்.

128 பக்கம் அதிகம் என்று தோன்றினால் அதே ஓவியரின் 'தி லாஸ்ட் திங்' (2000) வெறும் 32 பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் படங்களைச் சுற்றிப் பழைய பொறியியல் புத்தகங்களின் துண்டுகள் ஒட்டுப்படமாக வருகின்றன. நகரத்தின் வறட்சியை அந்த ஓரங்களே சொல்லிவிடுகின்றன. காகிதம் வெட்டி ஒட்டுவதில் விருப்பம் உள்ள பிள்ளைக்கு இது மிகவும் ஏற்றது. வண்ணப்பென்சில் என்றால் ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' (1978). சின்னக் குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கிவிட வேண்டாம். கறுப்புக் கோடு எதுவும் போடாமல், மென்மையான வண்ணப்பென்சிலிலேயே பனியின் மங்கலையும் இரவின் வெளிச்சத்தையும் கொண்டுவந்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரம் முயன்று பார்க்கத் தகுந்த வேலை அது.

கடைசித் தேர்வை மகளிடமே விடுங்கள். நீங்கள் மூன்றைச் சலித்துக் கொடுங்கள். ஒரு மாதம் அதோடு உட்காரப் போகிறவள் அவள்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு மாணவன். வசனமே இல்லாத புத்தகம் எடுத்தால் படிக்க எளிது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் எழுத்தே இல்லையென்றால் ப்ராஜெக்டில் எழுத என்ன இருக்கும்? மார்க் குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் வேண்டாம் தம்பி. எழுத உங்களுக்கு நிறையவே கிடைக்கும். வசனம் உள்ள புத்தகத்தில் கதாபாத்திரமே 'எனக்குத் தனிமையாக இருக்கிறது' என்று சொல்லிவிடும். வசனம் இல்லாத புத்தகத்தில், அவர் தனிமையில் இருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய கட்டத்தின் ஓரத்தில் சின்ன உருவமாக நிற்கிறாரா? அவரைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம்? மற்றவர்களின் முகம் தெரிகிறதா, முதுகு தெரிகிறதா? உங்கள் ஆசிரியர் எதிர்பார்ப்பதும் அந்த விளக்கத்தைத்தான்.

ஆனால் 'படிக்க எளிது' என்று நண்பர்கள் சொல்வதை நம்பி எடுக்காதீர்கள். பத்து நிமிடத்தில் புரட்டி முடித்துவிடலாம் என்பது உண்மை. அப்படிப் புரட்டியவருக்குத்தான் எழுத ஒன்றும் கிடைக்காது.

ஒரு வழி சொல்கிறேன். பிடித்த ஒரு பக்கத்தை எடுத்து, உங்கள் நோட்டில் அதன் கட்டங்களின் அமைப்பை மட்டும் வெறும் பெட்டிகளாக வரையுங்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எந்த இடம் இருட்டு, எந்த இடம் வெளிச்சம் என்று பென்சிலால் தீட்டுங்கள். உருவம் எதுவும் வேண்டாம். அந்தச் சின்ன வரைபடத்தைப் பார்த்தாலே அந்தப் பக்கம் ஏன் கனமாகவோ லேசாகவோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை ப்ராஜெக்டிலேயே ஒட்டுங்கள்.

வசனமில்லா நூல்களுக்கு நெடிய மரபு இருக்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் மசரீல் 1925இல் 'தி சிட்டி' என்ற நூலை 100 மரச்செதுக்குப் படங்களால் மட்டுமே ஆக்கினார். கதாநாயகன் என்று ஒருவரும் இல்லை. ரயில், ஆலை, கூட்டம், மாடி ஜன்னல்கள் என்று நகரம்தான் கதை. கறுப்பும் வெள்ளையும் தவிர வேறில்லை. லினோ (அச்சு எடுக்கச் செதுக்கும் மெத்தென்ற தகடு) செதுக்கிப் பழகியவர்களுக்கு அது பெரிய பாடம். பெரியவர்களுக்கான காட்சிகள் சில அதில் உண்டு என்பதால், ஆசிரியரிடம் காட்டிவிட்டு மேல் வகுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மரபை ஒரு பத்தியில் குறிப்பிட்டாலும் உங்கள் ப்ராஜெக்டுக்கு வலு சேரும்.

கேள்வி: ஆர்டர் செய்த புத்தகம் வர நாளாகும் போலிருக்கிறது. டிஜிட்டல் பதிப்பு உடனே கிடைக்கிறது, விலையும் குறைவு. அதையே வாங்கிவிடலாமா? மகன் போனிலேயே படித்துக்கொள்வேன் என்கிறான்.

பதில்: டேப்லெட் இருந்தால் சமாளிக்கலாம். போன் மட்டும்தான் என்றால் இந்த வேலைக்கு ஆகாது.

காரணம், போனில் பல செயலிகள் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டே போகும். படிக்க அது வசதிதான். ஆனால் கிராஃபிக் நாவலில் பக்கமும் ஒரு ஓவியம். மேலே ஆறு சின்னக் கட்டங்கள் நெருக்கியடித்து, கீழே ஒரே நீளக் கட்டத்தில் வெறும் கடல் என்றால், அந்த நெருக்கத்துக்குப் பிறகு வரும் அகலம்தான் மூச்சு விட வைக்கிறது. கட்டம் கட்டமாகப் பார்ப்பவருக்கு அந்த அகலம் தெரியவே தெரியாது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பரப்பி வரைந்த படம் போனில் ஒரு தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும்.

பத்து அங்குல டேப்லெட்டில் முழுப் பக்கமும் ஓரளவு சரியாகத் தெரியும். டிஜிட்டலில் ஒரு நன்மையும் உண்டு: பெரிதாக்கிக் கோட்டின் தடிமனையும் தூரிகைத் தடத்தையும் கிட்டத்தில் பார்க்கலாம். எழுத்துப் புத்தகம் படிப்பதற்கான கறுப்பு-வெள்ளை மின்வாசிப்பான்களில் வண்ணப் புத்தகம் வாங்காதீர்கள். வண்ணம் எல்லாம் சாம்பல் ஆகிவிடும்.

வாங்கும் முன் இலவச மாதிரியை இறக்கிப் பாருங்கள். பக்கங்கள் தெளிவாக இருக்கின்றனவா, பெரிதாக்கினால் படம் உடைகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று: பல தளங்களில் டிஜிட்டல் புத்தகத்தை வாங்கினாலும் உங்களுக்குக் கிடைப்பது படிக்கும் உரிமைதான். பிரிண்ட் எடுக்க விடாது. ப்ராஜெக்டில் ஒரு கட்டத்தை ஒட்ட வேண்டும் என்றால் அதற்கு என்ன வழி என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

இலவச பிடிஎஃப் என்று கிடைக்கும் திருட்டு ஸ்கேன்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஒரு பக்கத்துக்குப் பல நாள் உட்கார்ந்து வரைந்தவருக்கு அதில் எதுவும் போய்ச் சேராது. ப்ராஜெக்டுக்கும் அது கெடுதல்தான். ஸ்கேனில் வண்ணம் மாறியிருக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். ஓவியர் நீலம் வைத்த இடத்தில் பச்சையைப் பார்த்துவிட்டு 'பச்சை நிறம் சோர்வைக் காட்டுகிறது' என்று பிள்ளை எழுதினால் உழைப்பு வீண். பணம்தான் தடை என்றால் பள்ளி நூலகத்திலும் பொது நூலகத்திலும் முதலில் கேளுங்கள். ஓவிய ஆசிரியர்கள் சொந்தச் சேகரிப்பிலிருந்து மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

கேள்வி: ஒரே தலைப்பைத் தேடினால் மூன்று நான்கு பதிப்புகள் வெவ்வேறு விலையில் வருகின்றன. படம் எல்லாவற்றிலும் ஒன்றுதானே, குறைந்த விலைப் பதிப்பையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நாவல் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். எழுத்து எந்தப் பதிப்பிலும் அதே எழுத்துதான். ஓவியப் புத்தகத்தில் பதிப்பு மாறினால் நீங்கள் பார்க்கும் பொருளே மாறிவிடும்.

முதலில் அளவைப் பாருங்கள். இணையப் பக்கத்தில் நீளம், அகலம் சென்டிமீட்டரிலோ அங்குலத்திலோ கொடுத்திருப்பார்கள். ஏ4 அளவில் வரைந்த பக்கத்தை ஏ5 ஆகச் சுருக்கினால் பரப்பு பாதியாகிவிடும். மெல்லிய பென்சில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து கறையாகத் தெரியும். ஓர் அளவுகோலை எடுத்து அந்த அளவை மேசைமேல் வரைந்து பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். திரையில் எல்லாப் புத்தகமும் ஒரே அளவாகத்தான் தெரியும்.

அடுத்து வண்ணம். வண்ணத்தில் வந்த புத்தகம் கறுப்பு-வெள்ளையிலும் மறுபதிப்பு ஆவதுண்டு. விவரப் பகுதியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விற்பவரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, முழுமை. ஈரானில் வளர்ந்த தன் இளமையை மர்ஜானே சத்ரபி சொல்லும் 'பெர்சிபோலிஸ்' பிரெஞ்சில் 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு பாகங்களாகவும், எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பாகவும் கிடைக்கிறது. சாம்பலே கலக்காத கறுப்பு வெள்ளையில் ஒரு காலத்தின் இறுக்கத்தைக் காட்டிய அரிய வேலை அது. கடுமையான காட்சிகளும் உண்டு, மேல் வகுப்புக்குத்தான் சொல்வேன். இப்படிப் பாகங்களாக வந்த நூலில் முழுக்கதை என்று நினைத்து இரண்டாம் பாகத்தை வாங்கிவிட வாய்ப்பு அதிகம். அட்டையில் எண் சின்னதாக இருக்கும். ப்ராஜெக்டுக்குத் தொடர் கதையே வேண்டாம், ஒரே நூலில் தொடங்கி முடிவதாக எடுங்கள்.

இவற்றையெல்லாம் உறுதி செய்ய ஐஎஸ்பிஎன் எண் (ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்) உதவும். 2007 முதல் அது 13 இலக்கம். கெட்டி அட்டைக்கு ஓர் எண், மெல்லிய அட்டைக்கு ஓர் எண், மின்பதிப்புக்கு ஓர் எண். ஆசிரியர் காட்டிய புத்தகமே வேண்டும் என்றால் அதன் பின்னட்டையிலுள்ள எண்ணைக் குறித்துவந்து தேடுங்கள்.

இனி பைண்டிங். பசை மட்டும் போட்டு ஒட்டிய தடிப் புத்தகம் முழுதாக விரியாது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்த படத்தின் நடுப்பகுதி பள்ளத்துக்குள் போய்விடும், அழுத்தி விரித்தால் முதுகு உடைந்து தாள்கள் கழன்று வரும். தைத்த பைண்டிங் மேசைமேல் படிந்து விரியும். பக்கத்தில் வைத்துப் பார்த்து வரையப் போகிற பிள்ளைக்கு இது பெரிய வசதி. கெட்டி அட்டை என்பதாலேயே தைத்தது என்று அர்த்தமில்லை. முதுகின் மேல் ஓரத்தைப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்னக் கற்றைகளாக மடித்து, நடுமடிப்பில் நூல் தெரிந்தால் அது தைத்தது. கடைக்கு நேரில் போகிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் அனுகூலம் இது.

பழைய புத்தகம் வாங்கலாமா என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். தாராளமாக வாங்கலாம். பக்க எண்கள் விடுபடாமல் இருக்கின்றனவா, படங்களின் மேல் பேனாக் கிறுக்கல் உண்டா, வெயிலில் வெளுத்திருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்கள். பல கிராஃபிக் நாவல்களில் பக்க எண்ணே அச்சிட்டிருக்காது. அப்போது மொத்தப் பக்கங்களை எண்ணி, வெளியீட்டாளர் சொல்லும் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும்.

கேள்வி: நான் ஓவிய ஆசிரியை. கிராஃபிக் நாவல் பக்கம் வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் சம அளவில் ஆறு பெட்டி போட்டுக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். அந்தப் பழக்கத்தை உடைக்க வகுப்பு நூலகத்துக்கு ஒரே ஒரு புத்தகம் வாங்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: 'பீமாயணா' (2011). அம்பேத்கரின் வாழ்க்கையை, மத்திய இந்தியப் பழங்குடி ஓவிய மரபான பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தது. அதில் பெட்டிகளே இல்லை. கோண்டு ஓவியத்தின் அலங்காரக் கோடுகள் வளைந்து நெளிந்து பக்கத்தைப் பிரிக்கின்றன. பேச்சுக் குமிழிகளும் பேசுகிறவருக்கு ஏற்ப மாறும்: இதமாகப் பேசுபவரின் குமிழி பறவை வடிவில் இருக்கும், நஞ்சாகப் பேசுபவரின் குமிழிக்குத் தேளின் கொடுக்கு முளைத்திருக்கும். குழந்தைகள் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டால் அடுத்த பக்கத்தில் பெட்டி போடுவதற்கு முன் யோசிப்பார்கள். சொற்களைக் கேட்கும் முன்பே அந்த இடத்தின் பகை கண்ணில் படுகிறது என்பதையும் அந்தக் கொடுக்கை வைத்தே நீங்கள் விளக்கலாம், அம்மா.

கேள்வி: அண்ணன் மகன் பதினொன்றாம் வகுப்பு. பேய்க்கதைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அண்ணிக்கு விருப்பமில்லை. புத்தகம் வாங்கித் தரும் பொறுப்பு சித்தப்பாவான என் தலையில். என்ன செய்வது?

பதில்: வாங்கிக் கொடுங்கள், ஆனால் நீங்கள் முதலில் முழுதாகப் படித்துவிட்டு. சூழல் என்ற ஒன்றைக் கற்றுக்கொள்ளத் திகில் கதையைவிட நல்ல இடம் இல்லை என்றே நினைக்கிறேன். பயம் வரவில்லை என்றால் ஓவியம் தோற்றுவிட்டது என்று உடனே தெரிந்துவிடுகிறதே.

பயத்தையும் ரத்தத்தையும் பிரித்துப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் வெட்டும் குத்தும் உள்ள புத்தகம் இந்தப் ப்ராஜெக்டுக்கு உதவாது. காட்டாமல் மறைத்து வைக்கும் புத்தகம்தான் உதவும். எமிலி கரோலின் 'த்ரூ தி வுட்ஸ்' (2014) ஐந்து கதைகளின் தொகுப்பு. இருட்டான காடு, பனி, சிவப்பு என்று குறைவான வண்ணங்களில் நடக்கும் கதைகள். கொடூரமான சில படங்களும் உண்டு, பதினொன்றாம் வகுப்புக்குப் பரவாயில்லை. ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் 'சிறியது' என்ற நிபந்தனையும் நிறைவேறும்.

அவனிடம் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். இடமிருந்து வலமாகப் படிக்கும் புத்தகத்தில், திடுக்கிட வைக்கும் படத்தைப் பெரும்பாலும் தாளைத் திருப்பியதும் வரும் இடப்பக்கத்தில் வைப்பார்கள். அதற்கு முந்தைய வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி தொங்கிக்கொண்டிருக்கும்: கதவுப் பிடியில் ஒரு கை, படிக்கட்டின் இருட்டு. தாளைத் திருப்புவது படிப்பவரின் கை என்பதால் பயத்துக்கு அவரும் பொறுப்பாளி ஆகிறார். அவனுடைய சொந்தப் பக்கங்களிலும் எதை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று இதை வைத்தே திட்டமிடலாம்.

பின்னட்டையில் அச்சிட்ட வயதுக் குறிப்பு வெளியீட்டாளரின் கணிப்புதான். அதை நம்பித் தப்பிக்க முடியாது. அண்ணியையும் உடன் உட்காரவைத்துப் புரட்டிக் காட்டுங்கள். பேய்க்கதை என்றதும் அவர் மனதில் வந்த படம் வேறாக இருக்கலாம்.

அதோடு, சூழல் என்றாலே இருட்டு என்று பையன் முடிவு கட்டியிருந்தால் ஜப்பானிய ஓவியர் ஜிரோ தனிகுச்சியின் 'தி வாக்கிங் மேன்' போன்ற ஒன்றையும் காட்டுங்கள். ஒரு மனிதர் தன் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கிறார். பெரும்பாலும் அவ்வளவுதான் கதை. மரமும் மழையும் மதிய வெளிச்சமும் பக்கம் பக்கமாக வருகின்றன. பயமே இல்லாமலும் ஒரு புத்தகம் நம்மை அடங்கி உட்கார வைக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு மாணவி. எனக்குப் பிடித்த ஓவியரைப் போலவே வரைந்தால் காப்பி அடித்தது ஆகுமா? புத்தகத்திலிருந்து படங்களை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டலாமா?

பதில்: பழகுவதற்காகப் பார்த்து வரைவது, மேலே தாள் வைத்து வரைவது இரண்டும் நல்ல பயிற்சிதான் பாப்பா. 'இன்னார் வரைந்த இந்தப் பக்கத்தைப் பார்த்துப் பழகியது' என்று அடியில் எழுதிவிட்டால் அது நேர்மையான வேலை. எழுதாமல் உங்களுடையது என்று கொடுத்தால்தான் தப்பு.

உங்கள் சொந்தப் பக்கங்களில் ஓவியரின் வழியை எடுத்துக்கொள்ளுங்கள், அவருடைய காட்சியை விட்டுவிடுங்கள். அவர் மூன்று வண்ணத்துக்குள் நின்றால் நீங்களும் மூன்று வண்ணம் தேர்ந்தெடுங்கள், ஆனால் வேறு மூன்று. அவர் ஆளில்லாத கட்டங்கள் வைத்தால் நீங்களும் வையுங்கள், ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்திலிருந்து: மணி அடித்தபின் காலியாகும் வகுப்பறை, மின்சாரம் போன படிக்கட்டு, விடிவதற்கு முன் சமையலறை. நேரில் போய் உட்கார்ந்து பார்த்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டு வரைந்தால் யாருடைய காப்பியாகவும் ஆகாது.

ஜெராக்ஸ் இரண்டு மூன்று கட்டங்கள் போதும். உங்கள் விளக்கத்துக்குத் தேவையானவற்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓவியர் பெயர், புத்தகத்தின் பெயர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்க எண் எழுதுங்கள். பக்க எண் அச்சிடாத புத்தகம் என்றால் நீங்களே எண்ணி எழுதலாம். பளபளப்பான தாளில் அச்சிட்ட பக்கத்தைப் போனில் படம் எடுப்பதாக இருந்தால் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னலோரமாக வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். நீங்கள் போட்ட முதல் கிறுக்கல்களையும் தூக்கி எறியாமல் கடைசியில் சேர்த்துக் கொடுங்கள். எப்படி யோசித்து இந்தப் பக்கத்துக்கு வந்தீர்கள் என்று ஆசிரியருக்கு அதில்தான் தெரியும்.